ஆனைமலைக் காட்டைப் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்? வால்பாறை, டாப்சிலிப், பரம்பிக்குளம், உடுமலை

பள்ளி விடுமுறை நெருங்கினாலே கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏனுங்க, வால்பாறையில நல்ல ரூம் எதுங்க?" மற்றதெல்லாம் அப்புறம்தான் மெல்ல வரும். யானை பார்க்கணும், குழந்தைகளுக்கு அருவி வேணும், அப்பாவுக்கு முட்டி வலி, மாமியாருக்கு வளைவில் தலை சுற்றும், இரண்டு ராத்திரிதான் லீவு. இதையெல்லாம் கேட்டபின், வால்பாறைப் பேச்சையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்கிற ஆட்களும் உண்டு, வால்பாறைக்குத்தான் கண்டிப்பாகப் போக வேண்டும் என்று சொல்கிற ஆட்களும் உண்டு. ஆனைமலை அப்படிப்பட்ட மலை. ஏறும் பக்கம் மாறினால் காடே மாறிவிடும்.

ஆனைமலை புலிகள் காப்பகம் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 1,480 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. 2007-ல் புலிகள் காப்பகமானது, தலைமையகம் பொள்ளாச்சியில். மேற்கே கேரளத்தின் பரம்பிக்குளமும் தெற்கே இரவிக்குளமும் சின்னாறும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வால்பாறைப் பக்கத்தில் வந்து மோதித் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வெறுங்கையாக இறங்குகிறது. தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று வால்பாறைக்கு மேலே இருக்கிற சின்னக்கல்லாறு. அங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் 30 கிலோமீட்டர்கூட இராது, உடுமலை தாண்டி இருக்கிற சின்னாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக வறண்ட இடங்களில் ஒன்று; கள்ளியும் முள்மரமும்தான். அதனால் "எங்கே தங்குவது" என்பதற்கு முன்னால் "எந்த மாதம் போகிறீர்கள்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஜூலையில் வால்பாறைக்குப் போய் மூன்று நாளும் அறைக்குள் உட்கார்ந்து பனிமூட்டத்தையும் அட்டைக் கடியையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதே வாரம் உடுமலைப் பக்கம் போயிருந்தால் வெயிலும் மேகமும் மாறி மாறி வர, காற்று பிய்த்துக்கொண்டு அடிக்க, நாள் முழுக்க வெளியே சுற்றியிருக்கலாம்.

முதலில் வால்பாறையையே எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் ஏற்றம், மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் சுமார் 3,500 அடி உயரத்தில் ஒரு மேட்டுநிலம், அதில் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது: வால்பாறை காடு இல்லை. காட்டை வெட்டி எடுத்த இடம். 1890-களிலிருந்து கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் மழைக்காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். அதைச் செய்து கொடுத்தது சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஏழை ஜனங்கள், மலேரியாவிலும் குளிரிலும் அவர்கள் செத்ததற்குக் கணக்கே கிடையாது. சுற்றிலும் காப்பகம், நடுவில் தேயிலை, தேயிலைக்கு நடுவே அங்கங்கே விட்டுப்போன சின்னச் சின்னச் சோலைகள். இதுதான் வால்பாறை.

ஆனால் அதே காரணத்துக்காகத்தான் வால்பாறை எனக்கு முக்கியமான ஊராகப் படுகிறது. புதுத்தோட்டத்துச் சோலையில் சோலைமந்திகளை, அதாவது சிங்கவால் குரங்குகளை, ரோட்டோரத்தில் நின்றே பார்க்கலாம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு அது. மழைக்காட்டு மர உச்சியில் வாழ வேண்டிய பிராணி, காடு துண்டுதுண்டாகிவிட்டதால் தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கிறது, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அதற்காக ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். யானைக் கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது, ஆபத்தான இடங்களில் சிவப்பு விளக்கு எரிகிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து பல வருஷமாகச் செய்துவரும் வேலை இது. இதற்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. சிதைந்துபோன சோலைகளில் நம் மண்ணின் மரங்களையே நட்டு மீட்கிற வேலையும் நடக்கிறது. மனுஷனும் யானையும் ஒரே இடத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் வால்பாறைக்கு இணையான ஊர் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து கிடையாது. குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள். வியூ பாயிண்ட்டில் நின்று போட்டோ எடுப்பதைவிட அது மனசில் நிற்கும்.

அங்கே போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் சிறுத்தை குழந்தைகளைத் தாக்கிக் கொன்ற சம்பவங்கள் நடந்திருக்கின்றன. நாம் இரண்டு நாள் ஜாலியாகச் சுற்றும் தேயிலைச் சரிவில்தான் அந்த அம்மாக்கள் தினமும் கொழுந்து பறிக்கிறார்கள். இருட்டிய பிறகு எஸ்டேட் ரோட்டில் டார்ச் அடித்துக்கொண்டு விலங்கு தேடிப் போவதும், யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவதும், நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. நாம் வெருட்டிவிட்ட யானை அடுத்துப் போய் நிற்பது அவர்கள் வீட்டு வாசலில். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடுகள் ரோட்டுக்கே வந்து நிற்கும், அங்கேயும் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். தங்குவதற்கு எல்லா விலையிலும் இடம் கிடைப்பது இந்த நாலு பக்கத்தில் வால்பாறையில்தான். பொள்ளாச்சியிலிருந்து பேருந்தும் தாராளமாக உண்டு, சொந்த வண்டி தேவையில்லை. வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2025 நவம்பரிலிருந்து ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இங்கேயும் வந்துவிட்டது. நல்ல மாதங்கள் செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அக்காமலை புல்மலையைப் பற்றி இணையத்தில் படம் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், அது சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்த இடம் இல்லை. பின்வாசலாக யாராவது கூட்டிப் போகிறேன் என்றால் போகாதீர்கள். வரையாடும் சோலையும் நிம்மதியாக இருக்க மிச்சம் இருக்கிற இடங்களில் அது ஒன்று.

காடுதான் வேண்டும், கடைத்தெருவே வேண்டாம் என்றால் டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை ஊர், வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை, அங்கே செக்போஸ்ட். அதற்கு மேல் பைக்கை விடமாட்டார்கள். கொஞ்ச தூரம் ஏறினால் புல்வெளி, வனத்துறைக் கட்டடங்கள், அவ்வளவுதான் ஊர். சாயங்காலம் அந்தப் புல்வெளியில் புள்ளிமான் கூட்டமும் காட்டுப்பன்றியும் சில நாள் காட்டெருமையும் மேய வரும், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே வேலை. ஓட்டல் கிடையாது, தனியார் ரிசார்ட் கிடையாது. தங்குவதானால் வனத்துறை விடுதி, முன்பதிவு செய்யாமல் போனால் அதுவும் கிடைக்காது.

நீங்கள் அங்கே ரோட்டோரத்தில் பார்க்கிற தேக்கில் பெரும்பகுதி மனுஷன் நட்டது என்றால் நம்புவது கஷ்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் அப்புறம் ரயில் கட்டைக்கும் இந்த மலையின் தேக்கை வெட்டி வெட்டி, இங்கிருந்துதான் சரிவில் உருட்டிவிட்டார்கள். மலை மொட்டையானது. 1915 வாக்கில் வந்த ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரிதான் வெட்டும் முறையை மாற்றி, தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தவர். பாக்கெட் நிறைய விதையோடு நடந்து, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்திப் போட்டார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். 1933-ல் இறந்தார், கல்லறை அவர் விரும்பியபடியே அந்தத் தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே போனால் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். நட்டு வளர்த்த தேக்கு வேண்டாம், தானாக முளைத்த பழைய மழைக்காடு வேண்டும் என்றால் பக்கத்திலேயே கரியன்சோலை இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், அதுதான் சரியும்கூட. இருவாச்சி பறக்கும்போது இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம்தான் பறவை தெரியும். அதனால் பேசாமல் நடக்கத் தெரிந்த கூட்டத்தோடு போங்கள்.

கோழிகமுத்தி யானை முகாமும் இங்கேதான். வளர்ப்பு யானைகளைக் கவனிக்கிறவர்களில் நிறையப் பேர் மலசர் பழங்குடியினர், தலைமுறை தலைமுறையாக இதே வேலை. கலீம் என்ற கும்கியின் பெயர் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும்; எத்தனையோ காட்டு யானைகளைப் பிடிக்க உதவிவிட்டு 2023-ல் 60 வயதில் ஓய்வு பெற்றது, வனத்துறையினர் மரியாதை செலுத்தினார்கள். சின்னத்தம்பி என்ற காட்டு யானையும் இங்கேதான் வந்து சேர்ந்தது. 2019 ஜனவரியில் கோவையை அடுத்த தடாகம் என்ற ஊர்ப் பக்கம் பிடித்து டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் விட்டார்கள், அது காட்டுக்குள் இருக்காமல் இறங்கி, ஊர் ஊராக நடந்து, உடுமலை அருகே கண்ணாடிப்புத்தூர்க் கரும்புக் காட்டில் வந்து நின்றுவிட்டது. பல நாள் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போனார்கள். யாரையும் அது ஒன்றும் செய்யவில்லை. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, கும்கியாகப் பழக்கிவிட்டார்கள். அந்த யானையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

டாப்சிலிப்புக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் காட்டுத் தீ பயம் கூடினால் மூடிவிடுவார்கள், ஆகவே பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை விசாரிக்காமல் கிளம்பக் கூடாது. அந்தச் சமயத்தில் தேக்கு இலையெல்லாம் உதிர்ந்து காடு காய்ந்து கிடக்கும். பச்சைப் பசேல் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முகம் சுருங்கும், ஆனால் விலங்கு தூரத்திலிருந்தே தெரிவதும் அப்போதுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது வாங்கித் தின்ன வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு இது சரிப்படாது. வனத்துறை வேன் ஏறி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு "ஒண்ணுமே பாக்கல" என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறவர்கள் தினமும் உண்டு, அவர்கள் எல்லோரும் பகல் 12 மணிக்குப் போனவர்கள்.

டாப்சிலிப்பைத் தாண்டி அதே ரோட்டில் ஆனப்பாடி செக்போஸ்ட், அங்கிருந்து பரம்பிக்குளம். கேரள மாநிலம், பாலக்காடு மாவட்டம், ஆனால் ரோட்டில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டு வழியாக மட்டும்தான் போக முடியும். உள்ளே இருக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வரை வாய்க்காலில் வருகிற பிஏபி, அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத் தண்ணீரில் பெரும்பங்கு இந்தக் காட்டில் பெய்த மழை. தென்னந்தோப்புக்கு மடை திறந்துவிட்டவர்கள் ஒரு தடவையாவது அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை, எங்கள் பக்கத்து விவசாயிகளில் பாதிப்பேர் போனதில்லை.

என்னைக் கேட்டால் இந்த நாலில் முதலிடம் பரம்பிக்குளத்துக்குத்தான். சுற்றுலா நடக்கும் முறைதான் காரணம். வண்டியில் கூட ஏறி வரும் வழிகாட்டிகள் உள்ளே இருக்கிற காடர், மலசர், முதுவர் குடிகளைச் சேர்ந்தவர்கள். நாம் கட்டுகிற பணம் அவர்கள் பிழைப்புக்குப் போகிறது, நமக்குக் கிடைப்பது பத்து வயதிலிருந்து அதே காட்டில் நடந்த ஒருவரின் கண். நாம் வெறும் புதர் என்று பார்க்கிற இடத்தில் அவர் மிளா மானைக் காட்டுவார். கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் அங்கே நிற்கிறது. அடிமரச் சுற்றளவு சுமார் ஏழு மீட்டர், நாலைந்து பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும், நானூறு வயதுக்கு மேல் என்கிறார்கள், 1994-95-ல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது பெற்றது. இந்த மலையில் வெட்டுவதற்கு முன்னால் தேக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த மரத்தடியில் நின்றால்தான் புரியும்.

ஆனால் அலுப்பான வேலைகளும் இருக்கின்றன. இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாக நுழைவுக் கட்டணம். தங்குமிடம் குறைவு, விலையும் கொஞ்சம் கூடத்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். சிக்னல் பெரும்பாலும் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து பேருந்து உண்டு, நாளுக்குச் சில தடவைதான். அவசர வைத்தியம் என்றால் பொள்ளாச்சிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், ஆகவே நெஞ்சுவலி, சர்க்கரை என்று பெரிய மருந்துப் பையோடு வருகிற பெரியவர்களை அங்கே இரவு தங்க வைக்க நான் சொல்லமாட்டேன்.

இப்போது உடுமலைப் பக்கம். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். உடுமலையிலிருந்து மூணாறு போகும் ரோடு ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி அமராவதி வனச்சரகத்துக்குள்ளும், அப்புறம் கேரளத்தின் சின்னாறு சரணாலயத்துக்குள்ளும் போகிறது. ஜனங்கள் மூணாறு போகும் அவசரத்தில் இந்தக் காட்டைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்கிறார்கள். வறண்ட காடு அழகாக இருக்காது என்று ஒரு எண்ணம். பாறையும் வேலமரமும் காய்ந்த புல்லும்தான், உண்மை. ஆனால் நட்சத்திர ஆமையும் சாம்பல் மலை அணிலும் இருப்பது இங்கேதான். ஆற்றோரத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு போல நீர்மருது ஓங்கி நிற்கும், அந்தக் கோட்டில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அணில் கிளைக்குக் கிளை தாவுவது தெரியும். மரம் அடர்த்தி இல்லாததால் யானையைத் தூரத்திலேயே பார்த்து நிறுத்திக்கொள்ளவும் முடிகிறது. சின்னாறில் பழங்குடி வழிகாட்டியோடு நடக்கலாம். அதைத் தாண்டி மறையூரில் தானாக வளர்ந்த சந்தனக்காடும், பாறை மேல் கற்பலகை நிறுத்திய முனியறைகள் என்ற பழங்கால ஈமச்சின்னங்களும், கரும்பு காய்ச்சுகிற வெல்ல ஆலைகளும் உண்டு. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலையிலேயே சுடச்சுட வாங்குங்கள்.

பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் சேர்ந்த கூட்டத்துக்கு உடுமலை வசதியான ஊர். ரயில் நிற்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, வளைவு நெளிவு இல்லாமலே அமராவதி அணைக்கும் முதலைப் பண்ணைக்கும் திருமூர்த்திமலைக்கும் போய்வரலாம். அமராவதி நீர்த்தேக்கத்தில் சதுப்பு முதலைகள் இயற்கையாகவே நிறைய உண்டு, கரையில் காலை நனைக்கிற பழக்கம் வேண்டாம். திருமூர்த்திமலையில் இருக்கிற பஞ்சலிங்க அருவியில் மேலே எங்கோ மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கும்; குளிக்கத் தடை என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் திரும்புங்கள். மார்ச், ஏப்ரல் மட்டும் இந்தப் பக்கம் அனல்தான்.

பொள்ளாச்சியிலோ ஆழியாறு, கோட்டூர்ப் பக்கத்துத் தோப்பு வீடுகளிலோ தங்கி, காலையில் மலைக்கு ஏறிச் சாயங்காலம் இறங்குவது இன்னொரு வழி. வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் அணைக்கட்டிலும் மாசாணியம்மன் கோவிலிலும் நாளைக் கழிக்க, மற்றவர்கள் மேலே போய் வரலாம். ஆனால் அடிவாரத்தில் இடம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காட்டை ஒட்டிப் பெரிய விளக்குப் போட்டு, ராத்திரி ஸ்பீக்கர் வைத்து, மின்வேலி சுற்றி நடத்துகிற இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். யானை காலங்காலமாக இறங்கும் தடம் அங்கே அடைபட்டால் அது பக்கத்துச் சிறு விவசாயியின் தென்னங்கன்றில்தான் இறங்கும். ஏற்கெனவே வேர் வாடல் நோயில் தோப்பே போய்க்கொண்டிருக்கிற ஆளுக்கு அது தாங்காது.

சரி, யார் எங்கே போகலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் யோசிக்காமல் உடுமலை, சின்னாறு. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, காடு பார்ப்பதுதான் நோக்கம், கூட்டத்தில் எல்லோரும் திடமானவர்கள் என்றால் பரம்பிக்குளத்தில் ஒரு ராத்திரி, டாப்சிலிப்பில் ஒரு ராத்திரி. வால்பாறைக்கு மூன்று நாள் இருந்தால் போங்கள், ஒரு நாளில் ஏறி இறங்குவது வளைவை எண்ணுவதற்கு மட்டும்தான் சரிப்படும். ஏப்ரல், மே லீவில் பாட்டி தாத்தாவோடு வருகிறவர்கள் பொள்ளாச்சியில் தங்குங்கள். டாப்சிலிப் திறந்திருந்தால் காலையில் செக்போஸ்ட் திறக்கும்போதே போய் நில்லுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம், செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். விடுதி வேண்டுமானால் தேதி முடிவான அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். வனத்துறை விடுதியும் பரம்பிக்குளமும் வார இறுதிக்கு வெகு சீக்கிரம் நிறைந்துவிடும், செவ்வாய், புதன் என்றால் பெரும்பாலும் கிடைக்கும்.